பொங்கல் அட்டையில் ரப்பர் அச்சும் வண்ண அடுக்குகளும்: கலங்காமல் செய்வது எப்படி?

நவராத்திரி தொடங்கிப் பொங்கல் வரை வரும் பண்டிகைகளுக்காக, வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ரப்பர் ஸ்டாம்பும் பெயிண்டும் கொண்டு வாழ்த்து அட்டையும் தாம்பூலப் பையும் அகல் விளக்கும் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு அட்டையில் மஞ்சள் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் கரும்பை ஒற்றியபோது மஞ்சள் கரைந்து கலங்கிவிட்டது என்றும், வாழ்த்து எழுத்தின் புள்ளிகளும் சுழிகளும் பெயிண்டால் அடைத்துக்கொண்டன என்றும், கடைசியில் ஊதா ஸ்டாம்ப் பேடில் ஒற்றிய எழுத்து மறுநாள் வரை காயாமல் விரலில் ஒட்டியது என்றும் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். முதல்முறை செய்கிற எல்லோருக்கும் இந்த மூன்றும் வருகின்றன; எனக்கும் வந்தன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு நிற்க வேண்டுமானால், கீழே இருப்பது இனி இளகாது என்ற நிலையை அடைந்திருக்க வேண்டும். மேலே வருவது, கீழே இருப்பதைப் பற்றிக்கொள்ளக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் குறையைப் பார்ப்போம். நீங்கள் பூசிய மஞ்சள் போஸ்டர் கலர் என்று எழுதியிருக்கிறீர்கள். போஸ்டர் கலரிலும் வாட்டர் கலரிலும் நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது கோந்து போன்ற, நீரில் கரையும் பசை. அது காய்ந்தது போலத் தோன்றினாலும் மீண்டும் ஈரம் பட்டவுடன் இளகிவிடும். எத்தனை நாள் காயவைத்தாலும் இதில் மாற்றம் வராது. அக்ரிலிக் பெயிண்ட் வேறு வகை. அதில் பிளாஸ்டிக் போன்ற மிகச் சிறு துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன; நீர் ஆவியாகும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, அழுந்தி, ஒரே ஏடாக ஒட்டிக்கொள்கின்றன. ஏடாகிவிட்ட பிறகு நீர் ஊற்றினாலும் கரையாது. எனவே அடுக்கடுக்காகச் செய்யும் வேலைக்கு அக்ரிலிக்கைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஃபெவிக்ரில், கேமல் போன்ற பிராண்டுகளின் சிறு குப்பிகள் ஊர்ப்புற ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைக்கின்றன. வெள்ளை, மஞ்சள், செங்கல் நிறம், கரும்பச்சை, அரக்கு, காவி ஆகிய ஆறு இருந்தால் பொங்கல் அட்டைக்குப் போதும். வெள்ளையை மட்டும் பெரிய குப்பியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அக்ரிலிக்குக்கு இன்னொரு குணம் உண்டு. மாக்கோலம் போடும்போது அரிசி மாவுக் கரைசல் ஈரத்தில் மங்கலாகத் தெரிந்து, காயக் காய வெளுத்துப் பளிச்சென்று வருவதை நாம் அறிவோம். அக்ரிலிக்கில் இது தலைகீழாக நடக்கும். ஈரத்தில் அதிலுள்ள பால் போன்ற கரைசல் நிறத்தை வெளிறச் செய்கிறது. காய்ந்ததும் அந்தப் பால்வெண்மை போய்த் தெளிவாகிவிடுவதால் நிறம் ஒரு படி கருத்துவிடும். எனவே கலக்கும்போது கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதைவிடச் சற்று வெளிறிய நிறமாகக் கலக்க வேண்டும். எந்த நிறத்தையும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டு அட்டையில் வைப்பது நல்லது.

இனி வெள்ளையைப் பற்றி. எல்லா நிறமும் கீழே இருப்பதை ஒரே அளவில் மறைப்பதில்லை. வெள்ளை, காவி, செங்கல் நிறம் போன்றவை நன்றாக மறைக்கும். மஞ்சளும் சில சிவப்புகளும் கண்ணாடித் தாள் போலக் கீழே இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். கரும்பச்சை இலையின்மேல் மஞ்சள் சூரியனை ஒற்றினால் அது அழுக்குப் பச்சையாகத்தான் தெரியும். அதற்கு வழி, அதே அச்சால் முதலில் வெள்ளையை ஒற்றிக் காயவைத்து, அதன்மேல் மஞ்சளை ஒற்றுவது. இரண்டாம் முறை இம்மி பிசகினாலும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். அதை நான் குறையாகக் கருதுவதில்லை; சூரியனுக்கு ஒளிவட்டம் போல அது நன்றாகவே இருக்கும். இருண்ட நிறத்தின்மேல் வரும் வெளிர் நிறங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வெள்ளை அடித்தளம் தேவைப்படுவதால்தான் வெள்ளைக் குப்பி முதலில் தீர்கிறது.

காகிதத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் கொண்டது, ஒரு பூச்சு ஈரத்திலேயே அப்பளம் போல வளைந்துவிடும். வளைந்த தாளில் ரப்பர் அச்சு முழுமையாக உட்காராது, நடுவில் விழுந்து ஓரத்தில் விடுபடும். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையுள்ள அட்டைத் தாள் வேண்டும். வழவழப்பான ஐவரி அட்டையில் எழுத்துகள் துல்லியமாக விழும். சற்றே சொரசொரப்பான டிராயிங் அட்டையில் பெயிண்ட் நன்றாகப் பற்றும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தயாரிப்புக் காகிதப் பிரிவில் கிடைக்கும் பருத்திக் கூழ்த் தாள்களை ஒருமுறையாவது வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். மேற்பரப்பு சீரற்றதாக இருப்பதால் நுண்ணிய கோடுகள் விடுபடும் என்றாலும், கரும்பு, பானை போன்ற பெரிய வடிவங்கள் அதில் மரக்கட்டை அச்சு போலவே விழுகின்றன.

இரண்டாம் குறை, அச்சின் பள்ளங்கள் அடைத்துக்கொள்வது. இதற்குக் காரணம் பாதி அச்சிலும் பாதி பெயிண்ட் வைக்கும் முறையிலும் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தின் அருகிலும் பத்திரப்பதிவு அலுவலகத்தின் எதிரிலும் இருக்கும் ஸ்டாம்ப் கடைகளில் நாம் வரைந்து கொடுக்கும் படத்தையே லேசர் கொண்டு ரப்பரில் வெட்டித் தருகிறார்கள். அங்கே போகும்போது கைப்பிடி வைத்த சாதா ஸ்டாம்ப் வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தானாக மை ஒற்றிக்கொள்ளும் செல்ஃப் இங்க் வகையும், உள்ளேயே மை நிரப்பிய பிளாஷ் வகையும் நமக்கு உதவா. பிளாஷ் வகையில் மை கசியும் நுண்துளைகளில் அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் அந்த ஸ்டாம்ப் அத்தோடு முடிந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரைந்து கொடுங்கள். கோடுகள் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் தடிமனாகவும், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே அதற்குக் குறையாத இடைவெளியோடும் இருக்கட்டும். அலுவலக முத்திரைக்கு இதைவிட மெல்லிய கோடுகள் போதும், ஏனென்றால் அங்கே வைப்பது நீர்த்த மை. நாம் வைக்கப்போவது தயிர்ப் பதத்தில் இருக்கும் பெயிண்ட்.

வாழ்த்து எழுத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் மிகுதி. ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்ற இரண்டு சொற்களில் மட்டும் ஐந்து மெய்ப்புள்ளிகள் வருகின்றன. ‘ழ்’ எழுத்தின் சுழியும் ‘து’ எழுத்தின் வளைவும் சேர்ந்தால் பெயிண்ட் தேங்குவதற்கான குழிகள் நிறையவே உண்டு. எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைப் பெயிண்டில் ஒற்ற முயல வேண்டாம், மையில் ஒற்றுங்கள். கடையில் கொடுக்கும் முன் எழுத்துப் பிழையையும் பார்த்துவிடுங்கள். ‘வாழ்த்துகள்’ என்பதே சரி; ‘வாழ்த்துக்கள்’ என்று நடுவில் ‘க்’ சேர்க்க வேண்டாம். தாளில் தவறாக எழுதினால் அடித்துத் திருத்தலாம். ரப்பரில் வெட்டிவிட்ட ஒற்றை அடிக்க வழியில்லை.

கடைக்குப் போக விருப்பம் இல்லையென்றால் பென்சில் அழிக்கும் ரப்பரிலேயே செதுக்கலாம். பிள்ளைகளுக்கு இதுதான் பெரும் மகிழ்ச்சி. தூசு உதிராத வெள்ளை ரப்பர் பெரிய அளவில் கிடைக்கும். தாளில் பென்சிலால் படத்தை அழுத்தமாக வரைந்து, அதன்மேல் ரப்பரை வைத்து நன்றாக அழுத்தி எடுத்தால் கோடு ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். அது இடம் வலமாக மாறியிருக்கும். செதுக்கி ஒற்றும்போது மறுபடி மாறி நேராக விழும் என்பதால் அதுதான் நமக்கு வேண்டியது. செதுக்கும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கோடும் மேலே குறுகி அடியில் அகன்ற கரை போல நிற்கும். உள்பக்கம் சாய்த்து வெட்டினால் கோட்டின் அடி அரிந்துபோய், பத்தாவது ஒற்றிலேயே மடிந்துவிடும். புள்ளிகளை நான் செதுக்குவதே இல்லை. எழுத்தை மட்டும் செதுக்கிவிட்டு, புள்ளியை ஊக்கின் தலையால் தனியாக வைத்துவிடுவேன். அவ்வளவு சிறிய தீவு ரப்பரில் நிற்காது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம். அவர்கள் வரையட்டும், நீங்கள் செதுக்குங்கள். செதுக்கிய ரப்பர்களை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்காமல் காகிதத்தில் பொதிந்து வைக்க வேண்டும். இந்த ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து சில வகை பிளாஸ்டிக்கை இளக்கி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டு எடுக்கும்போது மேல்முகம் பெயர்ந்து வரும்.

பெயிண்டைத் தூரிகையால் அச்சில் பூசுவதுதான் பள்ளங்கள் அடைபடுவதற்கு முதல் காரணம். ஒரு தட்டில் துவரம்பருப்பு அளவு பெயிண்டை வைத்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜின் மென்பக்கத்தில் வெட்டிய சிறு துண்டால் அதை ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். ஸ்பான்ஜ் முழுவதும் நனைந்து ஆனால் சொட்டாத நிலைக்கு வந்ததும், அதை அச்சின்மேல் இலேசாக நான்கைந்து முறை தட்டுங்கள். மேட்டில் மட்டும் மெல்லிய ஏடு பிடிக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளங்கள் மங்கலாகவும் மேடுகள் ஈரப் பளபளப்போடும் தெரிய வேண்டும். தாளின் அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாளை வைத்து, அச்சை நேராக இறக்கி, உள்ளங்கையால் ஆட்டாமல் அழுத்தி, நேராகவே தூக்குங்கள். நன்றாக விழ வேண்டும் என்று அச்சை முன்னும் பின்னும் உருட்டினால் ஓரத்தில் வெட்டுப்பட்ட ரப்பரின் சுவடெல்லாம் பதிந்துவிடும். அக்ரிலிக் அச்சிலேயே விரைவில் காய்ந்துவிடுகிறது என்றால், ஒரு தேக்கரண்டி பெயிண்டுக்கு இரண்டு துளி கிளிசரின் சேர்க்கலாம். கூடினால் அட்டை பிசுபிசுப்பாகவே இருக்கும்.

மூன்றாம் குறையான ஊதா எழுத்துக்கும் விடை அடுக்கிலேயே இருக்கிறது. அலுவலக ஸ்டாம்ப் பேடின் மை, காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. பேட் காய்ந்துபோகாமல் இருக்க அதில் எளிதில் ஆவியாகாத நீர்மம் சேர்ந்திருக்கும். நீங்கள் பெயிண்ட் பூசி முடித்த பரப்பு இனிக் காகிதம் இல்லை, பிளாஸ்டிக் ஏடு. உறிஞ்ச அதற்கு வாய் இல்லை. எனவே மை மேலேயே நின்றது. பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகியவற்றில் ஒற்றுவதற்கென்றே விரைவில் ஆவியாகும் கரைப்பானில் செய்த அழியா மை தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அல்லது எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் பூசாமல் வெறும் தாளாக விட்டுவிட்டால் உங்கள் பழைய ஊதா பேடே போதும்.

இப்போது அட்டைக்கு வருவோம். ஏ5 அளவுத் தாளை நடுவில் மடித்தால் ஏ6 அளவு அட்டை, அதாவது தபால் அட்டையைவிட ஒரு விரல் பெரியது. 300 ஜி.எஸ்.எம். தாளில் செய்தாலும் அதன் எடை 9 கிராமை ஒட்டித்தான் வரும் என்பதால் உறை, பெயிண்ட் எல்லாம் சேர்த்தும் சாதாரணக் கடிதத்துக்கான முதல் 20 கிராம் வரம்புக்குள் நிற்கும்.

முதல் அடுக்கு, விடியற்கால வானம். மஞ்சளில் பாதி அளவு வெள்ளை கலந்து, பழைய ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தால் தாளின்மேல் வழித்து இழுங்கள். தூரிகையைவிட இது மெல்லிய பூச்சைத் தரும். அங்கங்கே தாள் தெரிவதும் அழகுதான். கீழ்ப்பகுதியில் சிறிது செங்கல் நிறத்தை ஸ்பான்ஜால் ஒற்றி மேல்நோக்கித் தேய்த்துவிட்டால் அடிவானம் வந்துவிடும். இது முழுவதும் காய வேண்டும். காய்ந்ததா என்பதை விரல் நுனியால் பார்க்காமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாளின் வெப்பம் அறையின் வெப்பத்துக்கு வந்திருந்தால் அடுத்த அடுக்குக்குப் போகலாம்.

இரண்டாம் அடுக்குதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது. பெயிண்டை வைத்து ஒற்றுவதற்கு மாறாக, சுத்தமான அச்சால் பெயிண்டை எடுப்பது. காய்ந்த மஞ்சளின்மேல், அட்டையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும், காவி நிறத்தை மிக மெல்லியதாக அதே ஏ.டி.எம். அட்டையால் வழித்துவிடுங்கள். மின்விசிறியை முன்பே நிறுத்திவிட வேண்டும். காவி ஈரமாக இருக்கும்போதே, கோல வடிவம் செதுக்கிய ரப்பரை ஈரமில்லாமல் துடைத்து அதன்மேல் வைத்து அழுத்தி, இரண்டு வரை எண்ணி, நேராகத் தூக்குங்கள். ரப்பர் மேடு பட்ட இடத்திலெல்லாம் காவி ரப்பரோடு போய்விட, கீழே இருந்த மஞ்சள் கோலக் கோடாகத் தெரியும். காவி பூசியது முதல் ஒற்றுவது வரை உங்களுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் இருக்கிறது. தாமதமானால் காவி பாதி ஏடாகி, தோல் போல உரிந்து வரும். ரப்பரில் ஒட்டிய காவியைக் கழுவுமுன் ஒரு வெற்றுத் தாளில் ஒற்றிவிடுங்கள். அதில் விழும் மங்கலான கோலம் அடுத்த அட்டையின் உள்பக்கத்துக்கு ஆகும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதல் அச்சைவிட இந்த மங்கல் அச்சைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் மட்டும் போஸ்டர் கலராக இருந்திருந்தால் இந்தக் கணத்தில் அதுவும் சேர்ந்து பெயர்ந்திருக்கும். முதல் அடுக்கு அக்ரிலிக்காக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மூன்றாம் அடுக்கு கரும்பு. பொங்கலுக்கு நாம் வாங்கும் பன்னீர்க் கரும்பு கருஞ்சிவப்பு. ஒரு கரும்பை முன்னால் வைத்துக்கொண்டு பாருங்கள். கணுவுக்கு அருகில் மாவு பூசியது போல வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தைக் கொண்டுவந்தால் அது கரும்பு. விட்டுவிட்டால் வெறும் குச்சி. ரப்பரில் 6 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டையை வெட்டி, அரக்கில் சிறிது வெள்ளை கலந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை இடைவெளி விட்டு ஒற்றுங்கள். காய்ந்ததும் கலக்காத அரக்கை எடுத்து, அதே பட்டையின் வலது ஓரத்தில் மட்டும் ஸ்பான்ஜால் வைத்து, முன்பு ஒற்றிய இடத்திலேயே ஒற்றினால் ஒரு பக்கம் நிழல் விழுந்து கரும்பு உருண்டு நிற்கும். கடைசியாக ஓர் அட்டைத் துண்டின் வெட்டு ஓரத்தை வெள்ளையில் தொட்டு, கணு இருக்கும் இடத்தில் குறுக்கே ஒருமுறை வையுங்கள். இலைக்கு அச்சு தேவையில்லை. அதே அட்டை ஓரத்தைக் கரும்பச்சையில் தொட்டு, வளைத்துப் பிடித்து வைத்தால் போதும்.

ஒற்றிய இடத்திலேயே மறுபடி ஒற்றுவது எப்படி என்று கேட்பீர்கள். ரப்பரைச் செங்கோணமான சிறு மரக்கட்டையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். எல் வடிவ ஸ்கேல் ஒன்றும், மூலை செங்கோணமாக உள்ள ஓ.எச்.பி. தாள் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒன்றும் வேண்டும். முதலில் ஓ.எச்.பி. தாளின் மூலையை எல் ஸ்கேலின் உள்மூலையில் பொருத்தி, மரக்கட்டையை அதே மூலையில் ஒட்டி வைத்து, தாள்மேல் ஒரு முறை ஒற்றுங்கள். காய்ந்த அந்தத் தாளை அட்டையின்மேல் வைத்து, அதிலுள்ள உருவம் அட்டையிலுள்ள உருவத்தோடு பொருந்தும் வரை நகர்த்துங்கள். பொருந்தியதும் தாளின் மூலையில் எல் ஸ்கேலை அணைத்து வைத்து, தாளை எடுத்துவிட்டு, கட்டையை ஸ்கேலின் உள்மூலையில் இறக்கினால் அச்சு அதே இடத்தில் விழும். பத்து அட்டை செய்ய இது சற்று நேரம் பிடிக்கும் முறைதான். ஐம்பது செய்யும்போது இதன் அருமை தெரியும்.

பானை செங்கல் நிறத்தில், ஒரே ஒற்று. அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தும், வயிற்றில் வெள்ளைப் புள்ளிக் கோலமும் பல்குத்தும் குச்சியால் வைக்கலாம். பெரிய ஒற்றை உருவத்துக்கு ரப்பர்கூட வேண்டாம். பள்ளியில் வெண்டைக்காயை நறுக்கிப் பூப் போலவும், வாழை மட்டையை நறுக்கிக் கட்டம் கட்டமாகவும் ஒற்றியது நினைவிருக்கும். அவற்றை நறுக்கியவுடன் பயன்படுத்தினால் சாறு பெயிண்டை நீர்க்கச் செய்துவிடும். வெட்டிய முகம் கீழே இருக்குமாறு செய்தித்தாளில் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஒற்றினால் கெட்டியாக விழும்.

காயவைக்கும் பொழுதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மார்கழிப் பனியில் விடியற்காலையிலும் இரவிலும் காற்று ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் பூசினால் காய இரண்டு மடங்கு நேரம் ஆகும். முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்கு முடிப்பது என் வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஏடாக முடியாமல், மாவாக உதிரும் அல்லது வெடிக்கும். அங்கே இரவு வேலை வேண்டாம். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம். ஓர் அடி தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். கிட்டே பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே நீர் அடைபட்டுக் கொப்புளிக்கும்.

நவராத்திரித் தாம்பூலப் பைக்கு இதே முறைதான். துணி என்பதால் சில மாற்றங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அதை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே ஒற்ற வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் கஞ்சியோடு பெயிண்டும் போகும். துணிக்கென்று விற்கும் அக்ரிலிக்கையே வாங்குங்கள். காகிதத்துக்கான அக்ரிலிக் துணியில் விறைத்து வெடிக்கும். பைக்குள் ஓர் அட்டையை நுழைத்துவிட்டு ஒற்றினால் மறுபக்கம் ஊறாது. ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு, பையை உள்வெளியாகத் திருப்பி, நீராவி இல்லாத சூட்டில் சில நிமிடம் இஸ்திரி போட்டால் நிறம் நிலைக்கும். இதைச் செய்யும்போது சோழமண்டலக் கரையின் பழைய துணி வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே படிகாரம் வைத்த இடம் சாயவேரில் சிவக்கும், இரும்புக் கரைசல் வைத்த இடம் கருக்கும், நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரியில் தோய்ப்பார்கள். எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே என்ற ஒழுங்கு தவறினால் அந்தத் துணி வீண். நாம் ஒரு பையில் செய்வது அந்தப் பெரிய வேலையின் சிறு நிழல்தான் என்றாலும், ஒழுங்கு ஒன்றே.

கார்த்திகை அகலில் எச்சரிக்கை முதலில். அக்ரிலிக் எரியக்கூடிய பிளாஸ்டிக் ஏடு. எனவே விளிம்பிலும் திரி வைக்கும் மூக்கிலும் உள்பக்கத்திலும் பெயிண்ட் படவே கூடாது. வெளிப்புறத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் செய்ய வேண்டும். அடுத்து, சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சி வெளியே கசியவிடும். அந்தக் கசிவு பெயிண்டை உள்ளிருந்தே தூக்கிவிடும். வண்ணம் பூசிய அகலை அழகுக்கு வைத்து, அதனுள் பூசாத சிறிய அகலை வைத்து ஏற்றுவதே நல்லது. வளைந்த பரப்பில் கெட்டியான ரப்பர் ஸ்டாம்ப் உட்காராது. கைவினைப் பொருள் கடையில் விற்கும் ஃபோம் ஷீட்டில் வடிவத்தை வெட்டி, விரல் நுனியில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிக்கொண்டு ஒற்றினால் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளையும். மண்ணின் சிவப்பின்மேல் வெள்ளை ஒன்றே போதும் என்பது என் எண்ணம். கார்த்திகை மழைக்காலத்தில் வருவதால் இரண்டு நாள் முன்னதாகவே முடித்து வையுங்கள்.

ஒற்றி முடித்த ஒவ்வொரு முறையும் அச்சைக் கழுவ வேண்டும். இதில் சோம்பல் காட்டினால் அடுத்த அட்டையிலேயே தெரிந்துவிடும். அருகில் ஒரு கிண்ணத்தில் சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன பெயிண்டை எடுக்கத் தின்னரோ நகப்பூச்சு நீக்கும் திரவமோ பயன்படுத்தினால், குறிப்பாகக் கண்ணாடி போன்ற தெளிவான வகை ஸ்டாம்புகள், உப்பிக் கெட்டுவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்த்தாலே உரிந்து வரும்.

அரையாண்டு விடுமுறையின் முதல் இரண்டு நாள்களைச் செதுக்குவதற்கும், அடுத்த மூன்று நாள்களை அடுக்குக்கு ஒரு நாளாகவும் வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. எல்லா அட்டைகளுக்கும் முதல் நாள் வானம், மறுநாள் கோலம், அதற்கடுத்த நாள் கரும்பும் பானையும் என்று செய்யும்போது, கடைசி அட்டையைப் பூசி முடிப்பதற்குள் முதல் அட்டை காய்ந்திருக்கும். முடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வைக்க மறக்க வேண்டாம். காய்ந்த அக்ரிலிக் பரப்புகள் இரண்டு, வெயிலிலும் புழுக்கத்திலும் அழுந்தினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை முப்பது அட்டைகள் இப்படி ஒரே கட்டாகி, பிரித்தபோது பாதிப் பானைகள் அடுத்த அட்டையின் முதுகில் இருந்தன. உறையில் போடும்போதும் அட்டையை ஒரு பட்டர் பேப்பரில் சுற்றியே போடுங்கள். உள்ளே எழுத வேண்டியதைப் பால்பாயிண்ட் பேனாவால், பெயிண்ட் படாத வெறும் தாளில் எழுதுங்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிட்டால் தை முதல் நாளுக்கு முன் போய்ச் சேரும்.